ஒரே ஆலையின் இரு பிள்ளைகள்

இல்லமும் வரவு செலவும்



மேற்குத் தாம்பரத்திலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு மடல் வரைந்திருக்கிறார். அவருடைய கணவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊரோடு திரும்பிவிட்டார். வீட்டில் மூட்டு வலியால் அவதியுறும் மாமியார், கல்லூரியில் பயிலும் மகன், இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் மகள் ஆகியோர் இருக்கின்றனர். ஆட்டோவில் ஏறி இறங்க மாமியாரால் இயலவில்லை என்பதால், சிறிய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். மகனுக்கு நிசான் மேக்னைட்தான் வேண்டுமாம். கொழுந்தனாரோ ரெனோ கைகரைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறாராம். "இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் உணவு நேரத்துப் பேச்சே இதுதான்" என்கிறார் சகோதரி.

மடலின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் சொல்வதுபோல் இன்னொரு செய்தியையும் எழுதியிருக்கிறார். "மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த தொகையிலிருந்து ஒன்றரை இலட்சம் எடுத்தால் உயர்ந்த ரகமாகவே வாங்கிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை."

மேக்னைட்டா, கைகரா என்பது வீட்டார் எழுப்பிய வினா. ஒன்றரை இலட்சம் பற்றியது சகோதரியின் சொந்த வினா. இரண்டாவதே பெரியது என்று நமக்குத் தோன்றினாலும், முதலாவதற்கு விடை கண்டால்தான் அதற்கு வழி பிறக்கும் என்பதால் முறையாகவே தொடங்குவோம்.

பிறந்த இடம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்து சென்றால் ஒரகடம் வரும். அங்கே ஆலை அமைக்க, பிரான்சு நாட்டின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் 2008-இல் தமிழக அரசுடன் உடன்பாடு செய்துகொண்டன. 2010 மார்ச்சில் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 இலட்சம் வாகனங்கள் வரை செய்யக்கூடியதாக அது திட்டமிடப்பட்டது. நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அது சோறு போடும் இடம். மேக்னைட், கைகர் இரண்டும் அந்த ஓர் ஆலையிலேயே உருவாகின்றன.

மேக்னைட் 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில், 2021 பிப்ரவரியில் கைகர் வந்தது. இரண்டிற்கும் அடித்தளம் ஒன்று. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தொலைவு இரண்டிலும் 2,500 மில்லிமீட்டர். தரையிலிருந்து அடிப்பாகம் நிற்கும் உயரம் இரண்டிலும் 205 மில்லிமீட்டர். என்ஜின் இரண்டிலும் 3 சிலிண்டர்களும் 999 சி.சி. கொள்ளளவும் உடைய பெட்ரோல் என்ஜின். நீளத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் வேற்றுமை உண்டு. மேக்னைட் 3,994, கைகர் 3,991. இந்த 3 மில்லிமீட்டருக்காகவா இரண்டு மாத வழக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இரு நிறுவனங்களுக்கும் இது புதிய வழக்கமன்று. 2012-இல் ரெனோ டஸ்டரும், மறு ஆண்டில் அதன் உடன்பிறப்பான நிசான் டெரானோவும் இதே ஒரகடத்திலிருந்துதான் வெளிவந்தன. புதிய கார் ஒன்றிற்கு அடித்தளமும் என்ஜினும் வடிவமைக்கப் பெருந்தொகை தேவைப்படும். அச்செலவை இரண்டு பெயர்களின் மீது பரப்பிவிட்டால் ஒவ்வொன்றின் விலையும் குறையும். பின்னர் முகப்பு, விளக்கு, உள்ளலங்காரம் ஆகியவற்றை மாற்றித் தனித்தனிக் கடைகளில் விற்கலாம். ஹூண்டாய் வென்யு – கியா சோனெட், மாருதி ஃபிரான்க்ஸ் – டொயோட்டா டைசர் என்று இன்று கடைத்தெருவில் நிற்கும் வேறு உறவுகளுக்கும் காரணம் இதுவே.

நான்கு மீட்டரின் இரகசியம்

இரண்டு கார்களும் ஏன் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நின்றுவிட்டன என்பதை அறிந்துகொள்வது நன்று. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16-ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும் என்பதே அச்சலுகையின் வரையறை. வரிகள் பின்னர் பலமுறை மாறின. 4 மீட்டர் கோடு மட்டும் நிலைத்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைப் பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி., கூடுதல் தீர்வையையும் சேர்த்து இருந்த 29 விழுக்காட்டிலிருந்து 18-ஆக இறங்கியது. அதன் பயனாக இவ்விரண்டின் தொடக்க ரகங்களும் 6 இலட்சத்துக்குக் கீழே வந்தன.

999 சி.சி.க்கும் ஒரு பயன் உண்டு. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டில், 1,000 சி.சி.க்குட்பட்ட கார்களுக்குத் தனிக் கட்டணம். புதிய காருக்கு 3 ஆண்டுகளுக்கும் சேர்த்தே அதைக் கட்ட வேண்டும். 2022-இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி அத்தொகை 6,521 ரூபாய். அடுத்த படியில், 1,500 சி.சி. வரையுள்ளவற்றுக்கு அது 10,640 ரூபாய்.

வேற்றுமை எங்கே?

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலும் குணபேதம் உண்டல்லவா? கண்ணுக்குப் புலப்படும் வேற்றுமை முகத்தில். அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அவரவர் கண், அவரவர் விருப்பம்.

அளந்து சொல்லக்கூடிய வேற்றுமை டிக்கியில் இருக்கிறது. கைகரின் டிக்கி 405 லிட்டர். மேக்னைட்டின் டிக்கி 336 லிட்டர். வெறும் எண்ணாகப் பார்த்தால் சிறியதுதான். மீனம்பாக்கம் விமான நிலையத்திற்குப் போய் வளைகுடாப் பயணியை அழைத்து வரும் குடும்பம் அதை எண்ணாகப் பார்க்காது. பெரிய பெட்டிகளோடு ஒரு போர்வைக் கட்டும் சேர்ந்து டிக்கிக்குள் அடங்குமா, பெட்டியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வர நேருமா என்பது அங்கே தெரிந்துவிடும். முதியோரின் நடை உதவிச் சட்டத்தையோ மடக்கும் சக்கர நாற்காலியையோ அடிக்கடி ஏற்ற வேண்டியவர்கள், அப்பொருளையே விற்பனைக் கூடத்திற்கு எடுத்துச் சென்று வைத்துப் பார்க்க வேண்டும். கூச்சம் தேவையில்லை, பணம் கொடுக்கப் போகிறவர் நாம்.

மூன்றாவது வேற்றுமை, எந்த வசதியை எந்த ரகத்தில் சேர்க்கிறார்கள் என்பது. ஒரு நிறுவனம் இடை ரகத்திலேயே கொடுக்கும் ஒன்றை மற்றது மேல் ரகத்தில் வைத்திருக்கக்கூடும். இதை வாய்மொழியாக நம்பாமல், இரண்டு நிறுவனங்களின் அச்சிட்ட பட்டியலையும் அருகருகே வைத்து, நமக்கு வேண்டியவற்றை மட்டும் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் குறி விழுந்தால், தேவையை விட்டு ஆசைக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள்.

என்ஜினும் கியரும்

பெயர்ப் பலகைக்காக வழக்காடுவோர் பலர், உண்மையில் அன்றாடம் உணரப்போகும் வேற்றுமையைக் கவனிப்பதில்லை. அது மேக்னைட்டுக்கும் கைகருக்கும் இடையில் இல்லை. இரண்டிலும் உள்ள சாதாரண என்ஜினுக்கும் டர்போ என்ஜினுக்கும் இடையில் இருக்கிறது. சாதாரண என்ஜின் 72 குதிரைத்திறன் தரும். டர்போ 100 தரும். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, கூடுதல் காற்றை என்ஜினுக்குள் திணிப்பதே டர்போவின் வேலை. காற்று கூடினால் எரிபொருள் கூடி எரியும், விசையும் கூடும்.

தாம்பரம் சந்தையிலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு வரை ஊர்ந்து செல்ல 72 குதிரைகள் தாராளம். ஐவர் அமர்ந்து, ஏ.சி.யும் ஓட, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கற்பட்டைத் தாண்டி ஒரு லாரியை முந்தும்போதுதான் அதன் மூச்சு வாங்கல் தெரியும். மாதம் ஒருமுறை சொந்த ஊருக்கு நெடும்பயணம் போகிறவர்க்கு டர்போ நியாயமானது. பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, ஆண்டுக்கிரு முறை ஊர்ப்பயணம் என்றிருப்பவர்க்கு அது இன்றியமையாததன்று.

கிளட்ச் மிதிக்க விரும்பாதவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. சாதாரண என்ஜினோடு வருவது ஏ.எம்.டி. இது நாம் அறிந்த அதே கியர்ப் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்கும். விலை குறைவு, கியர் மாறும்போது தலை சற்றே முன்னும் பின்னும் அசையும். டர்போவோடு வருவது சி.வி.டி. இரண்டு கப்பிகளும் ஒரு பட்டையும் சேர்ந்து, படி எதுவுமில்லாமல் வேகத்தை மாற்றும். குலுக்கலே இராது, விலை அதிகம். மூட்டு வலிக்காரரும் முதுகு வலிக்காரரும் பின்னிருக்கையில் இருக்கும் வீடு, இவ்விரண்டையும் அமர்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓட்டுகிறவர்க்குப் பொருட்படுத்தத் தகாத அசைவு, பின்னால் அமர்ந்த முதியவர்க்கு வேதனையாக இருக்கலாம்.

ஆகவே, பரிசோதனை ஓட்டத்திற்கு மகனை மட்டும் அனுப்பாதீர்கள். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் தாமாகக் கதவைத் திறந்து, ஏறி, அமர்ந்து, இறங்கட்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் எழுவது கடினம். மிக உயரமானால் ஏறுவது கடினம். இந்தச் சிறிய எஸ்.யூ.வி. வகையை நம் மக்கள் விரும்பக் காரணமே, இருக்கை இடுப்பளவில் இருப்பதுதான். இரண்டு கார்களுக்கும் அடித்தளம் ஒன்றாயினும் இருக்கையின் மெத்தையும் கதவின் வாய்ப்பும் உடலுக்கு உடல் வேறாகத் தோன்றும். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஐவரையும் ஏற்றி ஏ.சி. போட்டு ஏறிப் பாருங்கள். வேகத்தடைகள் நிறைந்த உட்தெரு ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். அரைமணி நேரத்தில், இரண்டு மாதப் பேச்சு தராத தெளிவு பிறந்துவிடும்.

உயிர்க் காப்பு

உலக அளவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, 2022-இல் இவ்விரண்டின் முடிவுகளையும் வெளியிட்டது. பெரியவர் பாதுகாப்பில் இரண்டும் 4 நட்சத்திரம் பெற்றன. சிறுவர் பாதுகாப்பில் இரண்டும் 2 நட்சத்திரமே பெற்றன. அப்போதைய கார்களில் முன்புறம் இரண்டு காற்றுப்பைகளே அடிப்படையாக இருந்தன. 2024 அக்டோபரில் புதுக்கிய மேக்னைட்டிலும், 2025 ஆகஸ்டில் புதுக்கிய கைகரிலும் எல்லா ரகங்களுக்கும் 6 காற்றுப்பைகள் பொதுவாயின. 6 காற்றுப்பைகள் கொண்ட மேக்னைட், 2025-இல் வெளியான முடிவில் பெரியவர்க்கு 5 நட்சத்திரமும் சிறுவர்க்கு 3 நட்சத்திரமும் பெற்றது.

இரட்டையர்தானே, ஒருவர் வாங்கிய மதிப்பெண் மற்றவருக்கும் பொருந்தாதா என்று சிலர் கேட்பர். நாம் அவ்வாறு எழுதிக் கொடுக்க மாட்டோம். தேர்வு எழுதியவருக்கே மதிப்பெண். சோதிக்கப்பட்ட காரின் சான்றைத்தான் சான்றாகக் கொள்ள வேண்டும். பழைய கார்களை வாங்க எண்ணுவோர், அது புதுக்குவதற்கு முந்தியதா பிந்தியதா என்று தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குக.

எத்தனை நட்சத்திரம் பெற்ற காராயினும், பெல்ட் அணியாதவரை அது காப்பாற்றாது. காற்றுப்பை, பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யவே அமைக்கப்பட்டது. பின்னிருக்கையில் பெல்ட்டை மெத்தைக்கடியில் செருகிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. மோதலின்போது மடியிலுள்ள குழந்தையைப் பற்றி நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் இல்லை. குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கிப் பொருத்துவதே முறை.

நீர் தேங்கும் தெருக்கள்

தாம்பரத்திலும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வாழ்வோருக்கு வெள்ளம் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் நீர் சூழ்ந்தது. "உயரமான வண்டி, தண்ணீரில் போகும்" என்ற நம்பிக்கையில் எஸ்.யூ.வி. வாங்குவோர் நம்மிடையே உளர்.

205 மில்லிமீட்டர் என்பது மேடு பள்ளத்தில் அடி தட்டாமல் போவதற்கான உயரம். அது ஒரு சாணுக்கும் குறைவு. நீரில் இறங்க அது அனுமதிச் சீட்டன்று. என்ஜின் காற்றை இழுக்கும் வழியில் நீர் புகுந்துவிட்டால், பிஸ்டன் காற்றை அழுத்துவதுபோல் நீரை அழுத்த முடியாது. அதன் தண்டு வளைந்து என்ஜினே பாழாகும். நீரில் நின்றுவிட்ட காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், இழுத்துச் செல்ல வேண்டும். மறுபடி சாவியைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில்தான் பெரும்பாலோர் இழப்பைத் தேடிக்கொள்கின்றனர். சாதாரணக் காப்பீடு இத்தகைய என்ஜின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் உறுப்பைச் சேர்த்திருந்தால்தான் கைகொடுக்கும். மற்ற அலங்காரங்களைக் குறைத்தாவது, நம் பகுதியினர் அதைச் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை.

யார் பார்த்துக்கொள்வார்?

ஜி.எஸ்.டி. சாலையோரத்து மக்கள் கார் ஆலைகள் வருவதையும் போவதையும் கண்டவர்கள். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கார்கள் உருவான காலம் ஒன்றுண்டு. 1980-களின் பிற்பகுதியில் அது முடிந்துபோயிற்று. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை இருந்தது. 4 மீட்டருக்குட்பட்ட எஸ்.யூ.வி. என்னும் வகையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்றான ஈக்கோஸ்போர்ட் 2013-இல் அங்கிருந்துதான் வந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. கார் வாங்கியவர் கவலையும் அங்கே வேலை பார்த்தவர் கவலையும் ஒரே தெருவில் குடியிருந்ததை நாம் பார்த்தோம்.

ஆகவே, "நிசான் இருக்குமா?" என்று கொழுந்தனார் கேட்பது வீண் கேள்வியன்று. 2025-இல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கை ரெனோ வாங்கிக்கொண்டு ஆலை முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. அதன் பிறகே இந்த ஐயம் பரவியது. ஆலையின் உரிமை கைமாறினாலும், நிசானுக்காக மேக்னைட்டை அங்கே தொடர்ந்து செய்து கொடுப்பது என்பதும் அவ்வேற்பாட்டில் அடக்கம். நிசானும் இந்திய விற்பனையைத் தொடர்வதாக அறிவித்திருக்கிறது. இரட்டையராய்ப் பிறந்ததில் வாங்குவோருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. என்ஜினின் உட்பாகங்கள் பல இரண்டிற்கும் பொதுவானவை. ஒருவர் கடை சுருங்கினாலும் மற்றவர் கடை இருக்கும்வரை அப்பாகங்கள் அருகிப் போவது கடினம்.

இருப்பினும் ஒன்றை மறக்கலாகாது. நெரிசலில் உரசி உடைவது என்ஜின் அன்று. பம்பரும் விளக்கும் கதவும்தான். அவைதாம் இரண்டிற்கும் வெவ்வேறானவை! ஆதலால், முன் பம்பர், முகப்பு விளக்கு, முன் கண்ணாடி ஆகிய மூன்றின் விலையையும், கேட்டால் எத்தனை நாளில் வரும் என்பதையும் இரண்டு சர்வீஸ் நிலையங்களிலும் விசாரியுங்கள். விற்பனைக் கூடத்தில் கேட்பதைவிட, சனிக்கிழமை காலை சர்வீஸ் நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் அமர்ந்து அங்கு வந்தவர்களிடம் பேசினால் உண்மை விளங்கும். நமக்கு அறிமுகமான குரோம்பேட்டைக் குடும்பம் ஒன்று, வேறொரு நிறுவனத்தின் காரை வாங்கிய மறு ஆண்டே அருகிலிருந்த சர்வீஸ் நிலையம் மூடப்பட்டு, ஒவ்வொரு முறையும் நகரின் மறுகோடிக்கு அலைந்தது. நல்ல கார்தான், பார்த்துக்கொள்ள ஆளில்லை.

கணக்கு

விளம்பரத்தில் காணும் விலை, சாலைக்கு வரும் விலையன்று. தமிழகத்தில் கார்களுக்கான ஆயுள் வரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. 5 இலட்சத்துக்கு மேல் 10 இலட்சம் வரை 13 விழுக்காடு. 10 இலட்சத்தைத் தாண்டினால் 18 விழுக்காடு. இந்தக் கார்களின் உயர்ந்த ரகங்கள் 10 இலட்சத்தை ஒட்டியே நிற்பதால் இது கவனிக்கத்தக்கது. 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு வரி 1,81,800. காரின் விலையில் 20,000 கூடியதற்கு வரியில் 53,100 கூடுகிறது! விற்பனையாளர் "இன்னும் இருபதாயிரம்தான்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். 6 இலட்சத்தை 9.5 விழுக்காட்டு வட்டிக்கு 5 ஆண்டுகளில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 12,600 ரூபாய், மொத்தம் 7,56,000. வட்டி மட்டும் 1,56,000. வட்டியைத் தவிர்க்க வேண்டிய நம் குடும்பங்களுக்கு இதில் இரட்டை நட்டம். அதைத் தவிர்க்கும் வழி எளிது, ஆனால் மனம் ஒப்பக் கடினமானது: கையிலுள்ள தொகைக்குள் அடங்கும் ரகத்தை வாங்குவது, அல்லது சில மாதங்கள் பொறுப்பது. உறவினரிடம் கைமாற்றாகப் பெற்றால், தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் திருமறை, உறவினருக்கு விலக்கு அளிக்கவில்லை. எழுதாத கைமாற்றால் முறிந்த உறவுகளை நம் ஜமாஅத்துகள் அறியும்.

வாங்கிய பின்னும் செலவு உண்டு. பெட்ரோல், ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், சில ஆண்டுகளில் டயர். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம் என்ற நிலை வரலாகாது. சேமிப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டு அதை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

சகோதரிக்கு

இனி, சகோதரியே, தங்களுக்கு நேராகச் சொல்கிறோம்.

தங்கள் மகனும் கொழுந்தனாரும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களுக்காக வழக்காடுகிறார்கள். எந்த வாசல் வழியே நுழைந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. மாமியாரை இரண்டிலும் ஏற்றிப் பாருங்கள். அவர் எதில் எளிதாக ஏறி இறங்குகிறாரோ அதுவே முதல் தீர்ப்பு. இந்தக் கார் வாங்கப்படுவதே அவருக்காகத்தானே! இரண்டும் அவருக்கு ஒத்து வந்தால், தங்கள் வீட்டிற்கு அருகில் ஒழுங்காக நடக்கும் சர்வீஸ் நிலையம் எவருடையது என்பது இரண்டாவது தீர்ப்பு. அதிலும் சமமாக நின்றால், 5 நட்சத்திரச் சான்று வெளிவந்திருப்பதால் நாம் மேக்னைட்டின் பக்கம் சாய்வோம். நடை உதவிச் சட்டமும் பெட்டிகளும் அடிக்கடி ஏற வேண்டுமென்றால் கைகரின் டிக்கிக்கு விட்டுக்கொடுப்போம்.

ரகத்தைப் பொறுத்தவரை, தங்கள் குடும்பத்தின் ஓட்டத்திற்குச் சாதாரண என்ஜினும் இடை ரகமும் போதும். 6 காற்றுப்பைகள் எல்லா ரகத்திலும் உள்ளன. ஆகவே உயர்ந்த ரகத்தைத் துறப்பதால் காற்றுப்பையைத் துறக்கவில்லை. பெரிய திரை, வண்ணக் கூரை, பளபளக்கும் சக்கரம் போன்றவற்றில்தான் குறையும். தானியங்கி கியர் வேண்டுமென்றால் ஏ.எம்.டி.யில் மாமியாரை அமர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் ஒன்றரை இலட்சத்தைத் தொடாதீர்கள். தங்கள் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனம் சரியான கணக்குத்தான் போட்டிருக்கிறது. கார் சாலையில் இறங்கிய நாளிலிருந்தே அதன் மதிப்புக் குறையத் தொடங்கும். மகளின் படிப்பு ஆண்டுக்காண்டு மதிப்பேறும். பத்தாண்டு கழித்து அந்தக் கார் வேறொருவர் வாசலில் நிற்கும். அப்போது தங்கள் மகள் எங்கே நிற்பார் என்பதை இந்த ஒன்றரை இலட்சம் தீர்மானிக்கக்கூடும்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டா. இந்தப் பக்கத்தை இரவு உணவுக்குப் பின் மகளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பதினெட்டு ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்து உழைத்த அவருடைய அத்தாவுக்கு அதன் பொருள் விளங்காமல் போகாது.

இன்ஷா அல்லாஹ், கார் வந்த பின் ஒருவரி எழுதுங்கள். எதை வாங்கினீர்கள் என்பதோடு, மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்பதையும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.